குப்பைக்குப் போகும் மீன் செதில்

மீன் வாங்கும்போது செதிலைச் சுரண்டித் தரச் சொல்கிறோம். சுரண்டியது அப்படியே குப்பைக்குப் போகிறது. அதில் என்ன இருக்கிறது தெரியுமா, நேயர்களே? நம் எலும்பிலும் தோலிலும் உள்ள அதே வகைக் கொலாஜன் புரதம்தான். கூடவே சுண்ணாம்புச் சத்தும்.

இந்தக் கொலாஜனைப் பிரித்தெடுக்க, செதிலைக் கழுவி, வேண்டாத புரதங்களை முதலில் நீக்குவார்கள். பிறகு நீர்த்த அமிலத்தில் இட்டால் சுண்ணாம்பு கரைந்து, விறைப்பான செதில் வளைந்து கொடுக்கும். அதை அசிட்டிக் அமிலத்தில், சுமார் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் ஊறவைத்தால் கொலாஜன் கரைந்து வெளிவரும். உப்பைச் சேர்த்ததும் வெண்மையாகத் திரண்டு நிற்கும். குளிர் எதற்கு? சூடு பட்டால் கொலாஜன் கட்டுக்குலைந்து ஜெலட்டினாகிவிடும்.

திரண்ட கொலாஜனை உறையவைத்து உலர்த்தினால் பஞ்சு போன்ற பொருள் கிடைக்கும். புண்ணை மூடும் கட்டு, எலும்பு வளரத் துணைசெய்யும் தாங்கி என இதன் பயன்களை ஆராய்ந்து வருகிறார்கள். நம்மூரில் ஜிலேபி மீன் எனப்படும் திலேப்பியாவின் செதிலிலிருந்து செயற்கைக் கருவிழிப்படலம் உருவாக்கும் ஆய்வும் தைவானில் நடந்திருக்கிறது.

மாடு, பன்றியிலிருந்து எடுக்கும் கொலாஜனை மதக் காரணங்களால் ஏற்காதவர்களுக்கு மீன் செதில் கொலாஜன் நல்ல மாற்று. மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.