அண்ணே, பிளேடு புதுசா?

ஆண்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை முடி வெட்ட வேண்டும் என்பதற்கு மருத்துவத்தில் கணக்கு எதுவும் கிடையாது. தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டரோ சற்றுக் கூடுதலாகவோ வளரும். அடிக்கடி வெட்டினால் அடர்த்தியாக வளரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் வேர் தோலுக்குள் இருக்கிறது, கத்தரி படுவது வெளியே இருக்கும் உயிரற்ற இழையில். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் சுற்றுவட்டாரத்தில் எப்போது வெட்டுவது என்ற கணக்கைப் போட்டுவந்தவை வேறு சங்கதிகள். செவ்வாய்க்கிழமை கூடாது, அமாவாசை கூடாது, மனைவி மாசமாக இருந்தால் கூடாது, சபரிமலைக்கு மாலை போட்டால் கூடாது. தீபாவளிக்கு முன்னால் மட்டும் கட்டாயம்.

இப்போது கணக்கு போடுவது ஹேர்ஸ்டைல். கத்தரியில் வெட்டி எண்ணெய் தடவிச் சீவுகிற முடி ஒன்றரை மாதம் தாங்கும். காதோரத்தில் மெஷினை ஜீரோவில் ஓட்டி மேலே ஏற்றுகிற ஃபேட் கட்டிங், இரண்டு மூன்று வாரத்தில் களையிழந்துவிடும். ஆக, அப்பா வருஷத்துக்கு எட்டு முறை சலூன் படியேறினால் பையன் இருபது முறை ஏறுகிறான். ஒவ்வொரு முறையும் மெஷினும் கத்தியும் தோலைத் தொடுகின்றன. பயப்பட வேண்டியது முடியின் நீளத்துக்கு அல்ல, இந்தத் தொடுகைக்கு.

கட்டிங் முடிந்ததும் கிருதாவையும் பிடரியையும் கத்தியால் எடுப்பார்கள். பிளேடை இரண்டாக ஒடித்து ஒரு பாதியைக் கத்திப் பிடியில் செருகுவது வழக்கம். அந்தப் பாதி இப்போதுதான் உறையிலிருந்து வந்ததா, முந்தின ஆளின் தாடையில் ஓடியதா என்பது பெரும்பாலும் நமக்குத் தெரியாது. பிடரியில் ஓடும்போது பார்க்கவும் முடியாது. பிறகு வருகிறது படிகாரக் கல். தண்ணீரில் நனைத்து முகமெங்கும் தேய்த்தால் சுரீரென்று எரியும், கசிந்த ரத்தம் நிற்கும். காலையிலிருந்து வந்த அத்தனை முகத்திலும் தேய்த்தது அதே கல்தான். எரிச்சலைக் கிருமி சாகிற அறிகுறி என்று நினைத்துக்கொள்கிறோம். கத்தியை டெட்டால் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பதிலும் அதே சமாதானம்தான்.

சலூன் என்றதும் எல்லோரும் எச்.ஐ.வி.க்குப் பயப்படுகிறார்கள். முதலில் பயப்பட வேண்டியது மஞ்சள் காமாலை வகையான ஹெபடைடிஸ் பி-க்கு. மருத்துவமனை ஊழியருக்கு நோயாளியின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பை மருத்துவ உலகம் இப்படிச் சொல்கிறது: எச்.ஐ.வி. சுமார் 0.3 சதவீதம், ஹெபடைடிஸ் சி 2 முதல் 3, ஹெபடைடிஸ் பி 30 சதவீதம் வரை. பிளேடு கீறலில் ஆபத்து இவ்வளவு இராது. ஆனால் வரிசை இதுதான். ஹெபடைடிஸ் பி கிருமி, காய்ந்த ரத்தத் துளியிலும் 7 நாள் வரை உயிரோடிருக்கும். பாகிஸ்தானில் ஹெபடைடிஸ் சி பரவியதற்குச் சலூன் சவரமும் ஒரு காரணம் என்று பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன.

ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் அது நாடு முழுக்க வந்தது 2011-12 வாக்கில்தான். இன்று முப்பது, நாற்பது வயதில் இருக்கிற ஆண்களில் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்தில் அதைப் போட்டிருக்க வாய்ப்பில்லை. பெரியவர்களுக்கு மூன்று ஊசி: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். பழைய பிளேடால் வெட்டுப்பட்டு ரத்தம் வந்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே வில்லியனூர் அல்லது பாகூர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஹெபடைடிஸ் பி ஊசியை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையென்று மருத்துவர் கருதினால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எச்.ஐ.வி. பற்றிய சந்தேகத்துக்கு 1097 என்ற இலவச எண் இருக்கிறது. ஹெபடைடிஸ் வந்தவர்களுக்கு 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவச சிகிச்சையும் உண்டு.

ஜீரோ மெஷின் கொண்டுவருவது படர்தாமரை. சில ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினில் பிடரியிலும் காதோரத்திலும் பூஞ்சைத் தொற்றோடு வந்த பையன்களை விசாரித்தபோது பெரும்பாலோர் இதே ஃபேட் கட்டிங்குக்கு அடிக்கடி சலூன் போனவர்கள். நம்மூரில் இது வந்தால் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் கேட்டு வாங்கித் தடவுகிறார்கள். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், பூஞ்சை அடியில் பரவும். சீட்டு இல்லாமல் அந்த டியூபை வாங்கவே கூடாது.

கடைசியில் தலையைப் பிடித்து இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திருகி நெட்டி எடுப்பது ஓசி மசாஜ். 2024-ல் கர்நாடகத்தின் பெல்லாரியில் 30 வயதுத் தொழிலாளி ஒருவருக்கு இப்படித் திருகியதில் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தது. "வேண்டாம்ணே" என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். டை அடிப்பவர்கள் ஒவ்வாமை இருக்கிறதா என்று 48 மணி நேரம் முன்பே முழங்கை மடிப்பில் துளி தடவிப் பார்க்க வேண்டும்.

புது பிளேடு கேட்பது கடைக்காரரை அவமதிப்பது ஆகாது. விலை சில ரூபாய். அதைத் தனியே தருவதாகச் சொன்னாலே உறையைக் கண் முன்னால் பிரிப்பார். திரும்பத் திரும்பச் சுத்தமில்லாத கடை என்றால், தொழில் உரிமம் தருகிற கொம்யூன் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுக்கலாம். 2006-க்குப் பிறகு நீண்ட காலமாக உள்ளாட்சித் தேர்தல் நடக்காத புதுச்சேரியில் உறுப்பினரைத் தேடிப் பயனில்லை. மனு ஆணையருக்குப் போக வேண்டும், நகலில் முத்திரை வாங்க வேண்டும்.

சாதியைச் சொல்லி நாற்காலியில் உட்காரவே விடாவிட்டால்? 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் 'கடை' என்பதற்குள் எதெல்லாம் அடங்கும் என்ற கேள்வி எழுந்தது. சேவை நாடி வருபவருக்குச் சேவை தர முன்வரும் இடம் எல்லாமே கடைதான் என்று அம்பேத்கர் விளக்கினார். அந்தக் கடைகளில் சாதி பார்க்கக் கூடாது என்பதே இன்றைய 15(2)-வது பிரிவு. ஆனாலும் 2024-ல் தருமபுரி மாவட்டம் அரூர் அருகே தலித் இளைஞருக்கு முடிவெட்ட மறுத்ததாகச் சலூன் நடத்திய தந்தையும் மகனும் கைதானார்கள்.

எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்துக்குப் பின், கடைக்குள் நுழைவதைத் தடுப்பது 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். முதற்கட்ட விசாரணை என்று இழுக்காமல் போலீஸ் வழக்குப் பதிய வேண்டும். உதவி எண் 14566. 1955-ம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 6-வது பிரிவும் சேவை மறுப்பைத் தண்டிக்கிறது. அதில் அபராதம் 100 முதல் 500 ரூபாய்தான் என்பது வெட்கக்கேடு.

மறுப்பவரின் கையை முறுக்குவது சில நேரம் ஊர்தான். மைசூரு மாவட்டம் ஹல்லாரேயில் தலித்துகளுக்கு முடிவெட்டிய குற்றத்துக்காக ஒரு சலூன்காரருக்கு ஊர்க்காரர்கள் 50,000 ரூபாய் அபராதம் போட்டு ஒதுக்கிவைத்தார்கள். 2020-ல் அது செய்தியானது. அரசாங்கம் வழக்குப் போட வேண்டியது அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் மேல். தீண்டாமை பார்க்க மறுத்தவரை ஒதுக்கிவைக்கும் சொந்தச் சமூகத்தாரையும் 1955 சட்டத்தின் 7(2) பிரிவு பிடிக்கும்.

பள்ளிப் பையன்கள் விஷயம் தனி. முடியை ஒழுங்காக வெட்டி வா என்று பள்ளி சொல்லலாம். வகுப்பில் நிற்கவைத்து ஆசிரியரே கத்தரியால் கொத்திவிடுவது, கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவு தடுக்கும் தண்டனை. உதவிக்கு 1098.

காயமோ ஒவ்வாமையோ பட்டு செலவானால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சேவைக்குக் கொடுத்த காசு 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை; 2 ஆண்டுக்குள் போட வேண்டும், 1915-ல் விவரம் கேட்கலாம். முடியைத் தவறாக வெட்டியதற்காக டெல்லி நட்சத்திர ஓட்டல் சலூன் ஒன்று 2 கோடி ரூபாய் தர வேண்டும் என்று 2021-ல் தேசிய ஆணையம் சொன்னது. நஷ்டத்துக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு 2023-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்து வழக்கைத் திருப்பி அனுப்பியது. கிராமத்துச் சலூனில் பில் தர மாட்டார்கள். ஜிபேயில் கொடுத்தால் தேதியோடு பதிவு நிற்கும். அதோடு காயத்தின் போட்டோவும் மருத்துவமனைச் சீட்டும் கையில் இருக்கட்டும்.