வெளியேறும் பிள்ளைகளைத் தேடிச் செல்ல யார் பணம் கொடுப்பது?

நெகிரி செம்பிலானில் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியதோடு, நீலாய், சிரம்பான் 2 போன்ற இடங்களில் தோட்ட நிலமே தாமான்களாகிவிட்டதால், வேலையோடு கிடைத்த லயத்து வீடு வேலையோடு போய், பல குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறின. முன்பு அப்பாவோடு சண்டையிட்ட பிள்ளை அடுத்த லயத்துப் பாட்டி வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பும்; இன்று சிரம்பானில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் கோலாலம்பூர்தான். அங்கும் கடை ஐந்தடியில் படுப்பதைவிட நண்பனின் வாடகை அறையிலோ கார் கழுவும் கடையின் பின்கட்டிலோ ஒதுங்குவதே எளிது என்பதாலும், "கூட்டாளி வீட்டில் இருக்கிறான்" என்று வீட்டார் சொல்லிவிடுவதாலும், அப்பிள்ளை வீடற்றோர் கணக்கில் வருவதில்லை. குண்டர் கும்பலும் போதைப்பொருள் விற்பவனும் அதைக் கண்டுகொள்ள அதிக நாள் ஆவதில்லை.

2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாத எவரும் குழந்தையே. பிள்ளை காணாமற்போனால் 24 மணி நேரம் காத்திருந்துதான் போலீசில் புகார் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பாதுகாவலர் எனப்படும் சமூகநல அதிகாரியோ போலீசாரோ பராமரிப்பற்ற பிள்ளையைத் தற்காலிகமாகப் பொறுப்பேற்றால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் முன்னிறுத்த வேண்டும். தகவல் தர 15999 என்ற தாலியான் காசே எண் உண்டு. பிள்ளை கட்டுக்கடங்கவில்லை என்று பெற்றோரே நீதிமன்றத்துக்கு எழுதிக் கேட்கவும் சட்டம் இடமளிக்கிறது என்றாலும், அதன் முடிவு பிள்ளையைப் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்புவதாகவும் அமையக்கூடும் என்பதால், கோபத்தில் எடுக்கத்தக்க முடிவன்று அது.

இரக்கப்பட்டு அடைக்கலம் தருவோருக்கும் கடமை உண்டு. பிறர் பிள்ளையைத் தம் பொறுப்பில் ஏற்பவர் ஒரு வாரத்துக்குள் பாதுகாவலருக்குத் தெரிவிக்க வேண்டும். நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற வேண்டும். கோயில் மண்டபத்தில் நல்லெண்ணத்தோடு தொடங்கும் தங்குமிடங்கள் சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான். 18 வயதைக் கடந்து ஆதரவின்றித் திரிபவரோ 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டத்தின்கீழ் வந்துவிடுகிறார். அச்சட்டம் அவரை நலவாழ்வு இல்லத்தில் 3 ஆண்டு வரை இருத்திவைக்க வழிசெய்கிறது.

இவையெல்லாம் கண்டெடுக்கப்பட்ட பிள்ளைக்கான ஏற்பாடுகள். கண்டெடுப்பது வேறு வேலை. அமெரிக்காவில் வீட்டை விட்டு வெளியேறும் இளையோருக்காக 1974இல் பிறந்த சட்டத்தின்வழி இன்று அவசரத் தங்குமிடம், இடைக்கால வாழ்விடம், தெருவில் தேடிச் சென்று உதவும் பணி ஆகிய மூன்றுக்கும் தனித்தனி மானியம் உண்டு. மலேசியாவில் தன்னார்வ நல அமைப்புகளுக்குச் சமூகநலத் துறையும், இந்தியர் அமைப்புகளுக்கு மலேசிய இந்தியர் உருமாற்றுப் பிரிவான மித்ராவும் மானியம் தருகின்றன. மித்ராவுக்கு ஆண்டு ஒதுக்கீடே 10 கோடி ரிங்கிட் என்ற அளவில் இருந்துவந்துள்ளது. ஆயினும் விண்ணப்பத்தில் எளிதாகக் காட்டத்தக்கவை வகுப்பும் முகாமும்தான். 2011இல் தொடங்கிய மைஸ்கில்ஸ் அறவாரியம் பள்ளியை விட்ட இளையோருக்குத் தொழிற்பயிற்சி தருவது போற்றத்தக்கது; ஆனால் அதன் வாசல்வரை பிள்ளையை அழைத்து வருபவருக்கும் சம்பளம் வேண்டும்.

எனவே மானியம் கோரும் தோட்டப்புற அமைப்பு, சங்கப் பதிவும் தணிக்கை செய்த கணக்கும் கையில் வைத்துக்கொண்டு, இரவு நேரப் பணியாளர் ஊதியம், மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல், சாப்பாட்டுப் பொட்டலம், கைப்பேசிக் கட்டணம், தொலைந்த அடையாள அட்டையை மீண்டும் எடுக்கும் செலவு ஆகியவற்றை "இதர செலவுகள்" என்று ஒரே வரியில் மறைக்காமல், ஒவ்வொன்றையும் தனித் தலைப்பில் தொகையோடு எழுதிக் கேட்பதே முறை.