சங்கம் நடத்தப் பழகுதல்

வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் பிரித்தெடுப்பது பொறுமை கேட்கும் வேலை. விடிந்ததும் ஊர்காவற்றுறைக் கரையில் வலைக்கு முன்னால் ஆட்கள் குந்தியிருப்பது அதற்காகத்தான். கால் போனால் விலையும் போகும். அந்த விலையைச் சொல்வது யார்? வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் வாங்கியவர், பிடித்ததை முற்பணம் தந்தவருக்கே கொடுத்தாக வேண்டும். தராசும் அவருடையது, விலையும் அவருடையது.

இந்தப் பிடியைத் தளர்த்தத்தான் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள். ஊருக்கொரு சங்கம், அவை சேர்ந்து சமாசம், மாவட்டத்துக்குச் சம்மேளனம் என்று அமைப்பு ஒழுங்காகவே இருக்கிறது. ஆனால் சங்கத்தைப் பதிவதும் நடத்துவதும் ஒன்றல்ல. வழியில் எவ்வளவு ஐஸ் கரையும், மண்ணெண்ணெய் விலை ஏறினால் கழிவு எத்தனை வீதம், கொடுத்த கடன் எந்த மாதம் திரும்பும் என்பதையெல்லாம் இரண்டு நாள் கருத்தரங்கில் சொன்னால் மதியச் சாப்பாட்டோடு மறந்துபோகும்.

யாழ்ப்பாணத்துக்குச் சங்கம் நடத்தப் பழகுவது புதிதல்ல. வீரசிங்கம் மண்டபத்துக்குப் பெயர் தந்த வீ. வீரசிங்கம் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர்; கூட்டுறவு இயக்கத்தின் தூண்களில் ஒருவர். மலையாளச் சந்தைக்குப் போன புகையிலையை விற்கச் சங்கம் அமைத்ததும், மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை எழுந்ததும் அந்தத் தலைமுறையின் காலத்தில்தான். வாத்தியார்மார் பள்ளிக்கூடத்துக்கு வெளியே கணக்குச் சொல்லிக்கொடுத்த காலம் அது.

தொழிலைச் செய்தே கற்ற இடமும் பக்கத்தில் உண்டு: ஊர்காவற்றுறைக்கு எதிர்க்கரையில் காரைநகர். குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் 1956 இல் நோர்வே போய் மீன்பிடித் தொழில்நுட்பம் கற்றவர். ஆர்னே பியோர்டொஃப்ட் என்ற நோர்வேக்காரரோடு சேர்ந்து 1967 இல் அவர் காரைநகரில் தொடங்கிய திட்டமே சீநோர். ஊர் இளைஞர்கள் படகு கட்டியே படகு கட்டப் பழகினார்கள். ஆனால் சீநோர் பின்னர் அரச நிறுவனமானது. காரைநகர்ப் படகுத்துறையைப் போர் முடக்கியது. கைத்திறன் ஊரில் தங்கியது, உரிமை தங்கவில்லை. இந்தக் குறையைப் பற்றி நம்மவர்கள் போதுமான அளவு பேசவில்லை என்றே தோன்றுகிறது.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் வேறு வழி பார்த்தார்கள். அங்கும் மீனவர்கள் வியாபாரியின் கடனில் கிடந்தவர்கள். 1928 இல் அன்டிகோனிஷ் ஊர்ப் பல்கலைக்கழகம் விரிவாக்கப் பிரிவொன்றைத் தொடங்கி, மோசஸ் கோடி என்ற பாதிரியாரிடம் ஒப்படைத்தது. பத்துப் பதினைந்து பேர் ஒரு வீட்டில் கூடுவார்கள். தம் சிங்க இறாலுக்குக் கிடைக்கும் விலை ஏன் இவ்வளவு குறைவு என்று தாங்களே கணக்குப் பார்ப்பார்கள். படிப்பு முடிந்ததற்கு அடையாளம் சான்றிதழ் அல்ல, கடன் சங்கமோ தகரத்திலடைக்கும் ஆலையோதான். லிட்டில் டோவர் மீனவர்கள் தாங்களே மரம் வெட்டி ஆலை கட்டினார்கள்.

அந்த முறையை நெடுந்தீவில் வைத்துப் பார்க்கலாம். குறிகாட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஐஸ் அங்கே போக வேண்டும், மீன் இங்கே வர வேண்டும். சோளகம் வலுத்தால் இரண்டும் நிற்கும். அன்றைய மீனைக் கருவாடாக்கினால் நட்டமா, இலாபமா? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வணிக மாணவரும் கடற்றொழில் மாணவரும் ஒரு பருவம் முழுக்கச் சங்கத்துப் பேரேட்டோடு இருந்தால், அங்கத்தவர்களோடு சேர்ந்து இதற்கு விடை காணலாம். பேனை அங்கத்தவர் கையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வெளியார் எழுதிய கணக்கு அவர்கள் கடைசிப் படகில் ஏறும்போது கூடவே போய்விடும்.

கணக்குக்குள் அடங்காத தொல்லையும் உண்டு. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடை செய்தது. இந்திய இழுவைப் படகுகள் இரவில் வலையை அறுத்துப்போவது அதனால் நிற்கவில்லை. ஒரு வலை போனால் மறுபடி முற்பணம், மறுபடி பழைய தராசு. ஆகவே வலைக்கென்று சங்கத்தில் ஒரு சேமநிதி வேண்டும். கிலோவுக்கு எத்தனை ரூபாய் கழித்தால் வருடத்தில் எத்தனை வலைக்குக் காணும் என்பதிலிருந்தே முதல் பாடத்தைத் தொடங்கலாம்.