லோடர் தூக்கவில்லையா? திருகைத் தொடுமுன் அழுத்தத்தை அளந்து பாருங்கள்

தென்காசி, செங்கோட்டைப் பகுதிகளில் கார் சாகுபடிக்கு முன்பாக, பங்குனி சித்திரை மாதங்களில் வயலுக்குக் குளத்துக் கரம்பை அடிப்பது நெடுநாளைய வழக்கம். மண்வெட்டியும் கூடையும் மாட்டு வண்டியுமாக நடந்துவந்த இந்த வேலையை, இன்று பல ஊர்களில் சிறு டிராக்டரின் முன்புறம் பொருத்தப்பட்ட லோடர் செய்து முடிக்கிறது. ஆள் பற்றாக்குறை மிகுந்த இந்நாளில் இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் கரம்பைப் பருவம் தொடங்கியதுமே, "எரு அள்ளும்போது நன்றாகத் தூக்கிய லோடர் இப்போது தூக்க மறுக்கிறது, பிரஷரைக் கூட்டலாமா?" என்று கேட்டுக்கொண்டு விவசாயிகள் வருவதும் வழக்கமாகிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் குற்றாலம் மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு விவசாயி இக்கேள்வியை எவரிடமும் கேட்கவில்லை. பழுது பார்க்க வந்தவர் லோடர் வால்விலிருந்த திருகை ஒன்றரைச் சுற்று உள்ளே முறுக்கிக் கொடுத்தார். லோடரும் அன்று முழுவதும் வாளி நிறையக் கரம்பையைத் தூக்கியது. மூன்றாவது வாரம், வாளி உயரே நின்றபோது ஹோஸ் வெடித்து, தூக்கு கைகள் வாளியோடு தரையில் விழுந்தன. டிரெய்லரின் மண்ணைச் சமன் செய்துகொண்டிருந்த அவருடைய மகன் அதற்குச் சற்று முன்புதான் தண்ணீர் குடிக்க விலகிப் போயிருந்தார். புதிய ஹோஸ் மாட்டியபின் நாங்கள் அளவுமானியை இணைத்துப் பார்த்தபோது, சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ இருக்க வேண்டிய அழுத்தம் 190 கிலோ காட்டியது.

அந்த லோடரில் பழுது எதுவுமே இல்லை. அதன் வாளி கால் கன மீட்டர் கொள்ளும். உலர்ந்த தொழு எருவானால் ஒரு வாளி ஏறத்தாழ 150 கிலோ இருக்கும். ஈரக் கரம்பையோ கன மீட்டருக்கு 1,700 கிலோ அளவுக்குக் கனக்கக் கூடியது. ஒரு வாளி 425 கிலோ ஆகிவிடும். லோடரின் கையேட்டில் கண்ட தூக்கு திறன் 300 கிலோ. எனவே முக்கால் வாளிக்கும் சற்றுக் குறைவாகக் கரம்பை அள்ளியிருந்தால் திருகைத் தொட வேண்டிய தேவையே எழுந்திராது.

ஹைட்ராலிக் அமைப்பில் அழுத்தம் வேறு, எண்ணெயின் ஓட்டம் வேறு என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். எவ்வளவு பாரம் தூக்கலாம் என்பதை நிர்ணயிப்பது அழுத்தம். எவ்வளவு விரைவாகத் தூக்கும் என்பதை நிர்ணயிப்பது பம்ப் தரும் எண்ணெயின் அளவு. 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிண்டரில் 150 கிலோ அழுத்தம் வேலை செய்தால், தண்டு 2,945 கிலோ விசையுடன் தள்ளும். இவ்வளவு பெரிய விசையிருந்தும் வாளியில் சில நூறு கிலோ மட்டுமே தூக்க முடிவதற்குக் காரணம், சிலிண்டர் தூக்கு கையை அதன் அடிப்பகுதிக்கு அருகில் தள்ளுவதுதான். ஏற்றக் கம்பை அடியில் பிடித்து நுனியைத் தூக்குவது போன்றது இது. அதே இரண்டு சிலிண்டர்களையும் 40 சென்டிமீட்டர் நீள்விக்க ஒன்றரை லிட்டருக்குச் சற்று அதிகமான எண்ணெய் வேண்டும். நிமிடத்துக்கு 16 லிட்டர் தரும் பம்ப் இதை 6 விநாடியில் நிரப்பிவிடும். வடிகட்டி அடைத்துப் பாதி எண்ணெய் மட்டும் வந்தால் 12 விநாடி ஆகும். அப்போது திருகை எவ்வளவு முறுக்கினாலும் ஒரு விநாடியும் குறையாது.

ஆகையால் லோடர் எப்படி மக்கர் செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பாரத்தைத் தூக்குகிறது, ஆனால் மெதுவாகத் தூக்குகிறது என்றால் எண்ணெய் அளவு, வடிகட்டி, எஞ்சின் வேகம் ஆகியவற்றைப் பாருங்கள். காலையில் நன்றாகத் தூக்கி, வெயில் ஏறி எண்ணெய் சூடானதும் சோர்ந்துவிட்டால் பம்ப் தேய்ந்திருக்கலாம். தூக்கிய வாளி தானே மெல்ல இறங்கினால் சிலிண்டர் சீலிலோ கட்டுப்பாட்டு வால்விலோ கசிவு உள்ளது. ஹோஸ் இணைப்பான்கள் முழுவதும் உட்காராமல் பாதியில் நிற்பதும் மிகச் சாதாரணமான காரணம். ஆளைக் கூப்பிடுமுன் அவற்றைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பாருங்கள். எண்ணெயில் நுரை கண்டால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சாரல் காலத்தில் கூரையின்றி நிற்கும் டிராக்டர்களிலும், சேற்றுழவில் ஆழமாக இறங்கிய டிராக்டர்களிலும் இதை அடிக்கடி காண்கிறோம். அந்த எண்ணெயை மாற்றியே ஆக வேண்டும்.

வேகமெல்லாம் சரியாக இருந்து, பாரம் ஏறியதும் கீச்சென்ற ஒலியுடன் பாதியில் நின்றுவிடுகிறது, வாளியில் இருப்பதும் கையேட்டின் அளவுக்கு உட்பட்ட எடைதான் என்றால் மட்டுமே அழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் சந்தேகத்தை அளவுமானியால் உறுதி செய்த பிறகே திருகிடம் போக வேண்டும்.

அந்தத் திருகு ரிலீஃப் வால்வின் திருகு. அழுத்தம் குறித்த எல்லையைத் தொட்டதும் திறந்து, எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பி அனுப்புவது ரிலீஃப் வால்வின் வேலை. சோற்றுப்பானை மூடி ஆவியை விடுவது போல என்று சிலர் விளக்குவதுண்டு. குக்கரின் பாதுகாப்பு வால்வு என்பதே பொருத்தம். லோடர் பூட்டிய டிராக்டரில் இது இரண்டு இடங்களில் இருக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. டிராக்டரின் ஹைட்ராலிக் அமைப்புக்கென ஒன்று, லோடர் வால்வில் ஒன்று. ஹாரி பெர்கூசன் 1930-களில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஹைட்ராலிக் தூக்கி, பின்புறக் கலப்பையைத் தூக்கவென்றே அமைந்தது. முன்புற லோடர் பின்னால் வந்து அதே எண்ணெயை இரவல் வாங்குகிறது. இரண்டு வால்வுகளில் எது குறைந்த அழுத்தத்தில் திறக்கிறதோ அதன் அளவுதான் செல்லும். டிராக்டரின் வால்வு 150-ல் திறக்குமானால், லோடர் திருகை 200-க்கு முறுக்கினாலும் முள் 150-ஐத் தாண்டாது. முறுக்கியவர் பலனில்லை என்று அப்படியே விட்டுவிடுவார். பின்னர் அந்த லோடரை அழுத்தம் மிகுந்த வேறொரு டிராக்டரில் மாட்டும்போது விபரீதம் வெளிப்படும்.

அளக்கும் முறை கடினமானதன்று. 250 அல்லது 300 கிலோ வரை காட்டும் அளவுமானி போதும். வாளியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லிவரை நான்கு பக்கமும் அசைத்து ஹோஸ்களில் தங்கிய அழுத்தத்தை வெளியேற்றுங்கள். பின்னரே இணைப்பைக் கழற்றி, லோடர் வால்வுக்கு எண்ணெய் வரும் குழாயில் அளவுமானியை மாட்டுங்கள். கால் மணி நேரம் வேலை செய்து எண்ணெய் வெதுவெதுப்பானதும், எஞ்சினைக் கையேடு சொல்லும் வேகத்தில் வைத்து, வாளியை உட்புறம் முழுவதும் மடக்கி, அதற்குமேல் மடங்காத நிலையில் லிவரைப் பிடித்து முள்ளைப் பாருங்கள். ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. எண்ணெய் வெகு விரைவில் கொதிப்பேறிவிடும். அளவுமானியில் எந்த வளையத்தைப் படிக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டு என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 140 கிலோ.

முள் கையேட்டின் அளவைக் காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். குறைவாகக் காட்டி, எண்ணெயும் வடிகட்டியும் செவ்வையாக இருந்தால், எஞ்சினை நிறுத்திப் பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகின் பழைய நிலைக்குப் பெயிண்டால் ஓர் அடையாளம் இட்டு, கால் சுற்று மட்டும் உள்ளே திருப்புங்கள். நட்டை இறுக்கி மறுபடி அளந்து பாருங்கள். கால் சுற்றுக்கு முள் சிறிதும் நகரவில்லையென்றால் கோளாறு வேறிடத்தில் உள்ளது. திருகைப் பழைய அடையாளத்துக்கே கொண்டுவந்துவிட வேண்டும். சில வால்வுகளில் இரண்டு மூன்று திருகுகள் இருக்கும். அவற்றில் சிலிண்டருக்குப் பாதுகாப்பாக அமைந்தவையும் உண்டு. கையேட்டின் படத்தைப் பாராமல் எதையும் தொடாதீர்கள். திருகே இல்லாமல் ஸ்பிரிங்கின் அடியில் மெல்லிய வாஷர் வைத்து அளவு அமைக்கும் வால்வுகளை நிறுவனத்தின் பணிமனைக்கே அனுப்புவது நல்லது.

கையேடு தொலைந்துவிட்டவர்கள் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னுமிடத்திலுள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையம் வெளியிடும் டிராக்டர் சோதனை அறிக்கைகளில் பம்ப் தரும் எண்ணெயின் அளவு, ரிலீஃப் வால்வு திறக்கும் அழுத்தம் ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். லோடருக்குரிய அளவை அதைச் செய்தவர்களிடமே கேட்டுப் பெற வேண்டும்.

கூடுதலாக முறுக்குவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு: 150-ஐ 180 ஆக்கினால் பம்ப், பின், வெல்டிங், ஹோஸ் எல்லாவற்றின் மீதும் ஐந்தில் ஒரு பங்கு சுமை கூடுகிறது. ஒற்றைக் கம்பிப் பின்னல் கொண்ட அரை அங்குல ஹோஸ் சுமார் 160 கிலோ வேலை அழுத்தத்துக்கே செய்யப்பட்டது. இரட்டைப் பின்னலானால் 275 கிலோ வரை தாங்கும். மேற்சொன்ன விவசாயியின் லோடரில் இருந்தது ஒற்றைப் பின்னல். புதிய ஹோஸே ஆனாலும் 190-ல் நாள்தோறும் ஓட்டத் தக்கதன்று. டிராக்டரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். முன் அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் 425 கிலோ தொங்கினால், ஒன்றரை மீட்டர் அச்சிடைவெளியுள்ள சிறு டிராக்டரில் முன் அச்சின் மீது 700 கிலோ ஏறி, பின் சக்கரங்களிலிருந்து 280 கிலோ குறைகிறது. மொத்தமே ஒரு டன் எடையுள்ள வண்டியில் இது விளையாட்டல்ல. பிரேக் பின் சக்கரங்களில்தான் இருக்கிறது. மேலகரம், இலஞ்சி வயல்களில் சமாளித்துவிடலாம். அடிவாரத் தோப்புச் சரிவில் இறங்கும்போது வண்டி நிற்காது. பின்னால் கல்டிவேட்டரையோ எடைப் பெட்டியையோ மாட்டி, வாளியைத் தாழ்த்தியே ஓட்ட வேண்டும்.

ஹோஸில் ஊசித் துளையளவு கசிவு இருந்தால் பலர் கையால் தடவிப் பார்க்கிறார்கள். இதைப் போல ஆபத்தான பழக்கம் வேறில்லை. அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். முதலில் சிறு முள் குத்தியதாகவே தோன்றும், வலியும் அதிகமிராது. சில மணி நேரத்தில் கை வீங்கிச் சதை அழுகத் தொடங்கும். விரலையோ கையையோ இழந்தவர்கள் உண்டு. கசிவைக் கண்டுபிடிக்க ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். எண்ணெய் தோலுக்குள் சென்றுவிட்டதாகச் சந்தேகம் தோன்றினாலே, மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால் தயங்காமல் போக வேண்டும். "ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே போய்விட்டது" என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். எண்ணெய் டப்பாவின் லேபிளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.