வள்ளூரைப் பற்றி யார் எழுதுவது? விக்கிப்பீடியாவும் சான்றுரிமையும்

திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்திலுள்ள வள்ளூரை வெளியுலகம் அறிந்திருப்பது பெரும்பாலும் அனல் மின் நிலையத்தின் வழியாகவே. 500 மெகாவாட் வீதம் 3 அலகுகள், மொத்தம் 1,500 மெகாவாட். இவ்விவரங்களுக்கு நிறுவன அறிக்கைகளும் நாளேடுகளும் சான்றாக நிற்கின்றன. ஆலைகளைச் சுற்றியுள்ள காலனிகளில் வாழ்வோரைப் பற்றி அச்சில் வந்த சான்றுகளோ அரிது. சான்று உள்ளவரே கலைக்களஞ்சியத்தில் இடம்பெறுகின்றனர். ஆகவே, விக்கிப்பீடியாவில் தொகுக்க முற்படும் நாம் முதலில் கற்க வேண்டியது சான்று திரட்டும் முறையை.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை எவரும் தொகுக்கலாம். புனைபெயரிலும் கணக்குத் தொடங்கலாம் என்பது சாதி குறித்து எழுதுவோருக்கு ஒரு பாதுகாப்பு. முதலில் ‘மணல்தொட்டி’ எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் பழகுதல் நன்று. அங்கு எழுதுவது எக்கட்டுரையையும் மாற்றாது. ஒரு வரியின் இருபுறமும் இரண்டிரண்டு சமக்குறிகள் இட்டால் அது துணைத் தலைப்பாகும். ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டால், அப்பெயரிலுள்ள பக்கத்திற்கு இணைப்பு கிடைக்கும். இக்குறிகளை அறியாதவர்கள் காட்சித் தொகுப்பியின் பொத்தான்களைக் கொண்டே இவற்றைச் செய்யலாம்.

கடினமான பகுதி இதற்குப் பின்னரே வருகிறது. நீதிமன்றத்தில் நேரில் கண்டவரின் வாய்மொழி சாட்சியமாக ஏற்கப்படும், விக்கிப்பீடியாவில் ஏற்கப்படாது. அங்கு நம்பகமான, வெளியிடப்பட்ட ஆதாரம் வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்வாரி அட்டவணை பட்டியல் சாதியினரின் எண்ணிக்கையைத் தருகிறது. அதனை மேற்கோளாகக் காட்டலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நாம் பெற்ற பதில் நம் கோப்பில் மட்டும் இருக்கும்வரை பயன்படாது. ஒரு நாளேடு அதனைச் செய்தியாக்கினால், அச்செய்தி ஆதாரமாகும். தீர்ப்பு நகலைக் கொண்டு நீதிமன்றம் கூறியதை மட்டும் குறிப்பிடலாம். அதற்கான விளக்கம் வேறொருவர் வெளியிட்ட நூலிலோ கட்டுரையிலோ இருத்தல் வேண்டும்.

நடுநிலையும் ஒரு விதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை எழுதும்போது, ‘கொடுமை’ என்ற சொல் நீக்கப்படலாம். எந்நாளில், எவ்விடத்தில், எந்த அமைப்பு என்ன கண்டறிந்தது என்பவை உரிய மேற்கோளுடன் இருந்தால் நிலைக்கும்.

அவ்வாறிருந்தும் சாதி குறித்த ஒரு வரியை எவரேனும் நீக்கினால், உடனே மீண்டும் மீண்டும் சேர்ப்பது தொகுப்புப் போராகக் கருதப்பட்டு, நம் கணக்கே தடை செய்யப்படக்கூடும். பக்கத்தின் வரலாற்றில் ஒவ்வொரு மாற்றமும், செய்த பயனர், நேரம் ஆகியவற்றுடன் பதிவாகியிருக்கும். அதனைச் சுட்டி, உரையாடல் பக்கத்தில் ஆதாரத்தோடு வாதிடுவதே முறை. நாம் வாதாடும் வழக்கு குறித்த பக்கத்தை நேரடியாகத் தொகுக்காமல், அங்கேயே கோரிக்கை வைத்தலும் அவ்விதிகளின்பாற்பட்டதே.

வள்ளூருக்கான முதல் வரியை மக்கள்தொகைக் கணக்கிலிருந்து இன்றே எழுதத் தொடங்கலாம். வேலைவாய்ப்பு, குடிநீர், இடுகாட்டுப் பாதை ஆகியவை பற்றிய அடுத்த வரிகளுக்கு, செய்தியாளர்களும் ஆய்வாளர்களும் அவற்றை முதலில் அச்சேற்றுமாறு நாம் வலியுறுத்தியாக வேண்டும்.