கோணல் தையல், நல்ல பரிசு

பாட்டியின் நைந்த நூல் புடவை பீரோவில் கிடக்கிறது. தாத்தாவின் மூக்குக் கண்ணாடிக்கோ உறை இல்லை. வழி வங்காளத்தில் இருக்கிறது.

அங்கே பழம்புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையில் உருவிய நூலாலேயே பெண்கள் தைத்தது காந்தா. குழந்தைக்கு விரிப்பு, புத்தகத்துக்கு உறை என எல்லாம் வீட்டு உபயோகத்துக்குத்தான். மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தா 2008இல் புவிசார் குறியீடே பெற்றுவிட்டது. ஆனால் அடிப்படை வெறும் ஓட்டுத் தையல்தான். எட்டு வயதுக் குழந்தைக்கும் வரும்.

புடவையில் 20 செ.மீ. சதுரமாக மூன்று துண்டுகள் வெட்டிக்கொடுங்கள். அடுக்கி, வரிவரியாகக் குழந்தை தைக்கட்டும். ஊசி கையிலிருக்கும்வரை அருகிலிருங்கள். இரண்டாக மடித்து, அடியையும் பக்கத்தையும் மூடித் தைத்தால் உறை தயார்.

தையல் கோணலாகத்தான் வரும். இரவில் பிரித்துத் திருத்திவிடாதீர்கள். தாத்தா தடவிப் பார்க்கப்போவது அதைத்தான்.