யந்திரம் நம்முடையது, சாவி யாரிடம்?

நிலம் விற்பவர் எழுதிக் கொடுக்கும் கிரயப் பத்திரத்தில், வாங்குகிறவர் அதைப் புத்திர பௌத்திர பாரம்பரியமாய்ச் சர்வ சுதந்திரத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ளலாம் என்ற வாசகம் தவறாமல் இருக்கும். கணினி வாங்குகிறவருக்கு அத்தகைய பாத்தியதை உண்டா? முழுப்பணமும் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த யந்திரம், அதைச் செய்த கம்பெனியின் தயவு உள்ளவரையில்தான் வேலை செய்யுமென்றால், அதை உடைமை என்பதா, குத்தகை என்பதா? இக்கேள்விக்கு விடை, பெரும்பாலோர் கவனியாத ‘டிரைவர்’ என்னும் நிரலில் அடங்கியிருக்கிறது.

விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களின் மையப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். நினைவகத்தையும் பிராஸஸரின் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. ஆனால் உலகில் விற்பனையாகும் ஒவ்வொரு சாதனத்தின் சுபாவத்தையும் அது தானே அறிந்திருக்க முடியாது. நெட்வொர்க் கார்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ரிஜிஸ்டர்கள் எனப்படும் சிறு அறைகள் உண்டு. இன்ன அறையில் இன்ன எண்ணை இட்டால் செய்தி புறப்படும், இன்ன அறையைப் படித்தால் நிலைமை விளங்கும் என்பது அதைச் செய்தவருக்குத் தெரியும். வேலை முடிந்ததும் அக்கார்டு, இன்டரப்ட் என்னும் சமிக்ஞையால் பிராஸஸருக்கு அறிவிக்கும். இவ்விரு தரப்பாருக்கும் நடுவே நின்று துபாஷி வேலை பார்ப்பதே டிரைவர்.

இந்தத் துபாஷி வாசலில் நிற்பவரல்லர். அந்தப்புரம் வரையில் செல்லும் அதிகாரம் பெற்றவர். சாதாரண நிரல் தவறினால் அது மட்டும் நின்றுபோகும். கெர்னலுக்குள் ஓடும் டிரைவர் தவறினாலோ யந்திரம் முழுவதுமே விழலாம். 2024 ஜூலை 19-ந் தேதி உலகம் இதைக் கண்கூடாகக் கண்டது. கிரௌட்ஸ்டிரைக் கம்பெனியின் பாதுகாப்பு நிரல், எந்தச் சாதனத்துக்காகவும் எழுதப்பட்டதன்று எனினும், டிரைவராகவே கெர்னலுக்குள் ஓடிற்று. அதற்கு அனுப்பப்பட்ட புதிய கோப்பு ஒன்றினால், 20 விவரங்கள் மட்டுமே கொடுக்கப்பட்ட இடத்தில் அது 21-வதைத் தேடிற்று. சுமார் 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்கள் விழுந்தன என்று மைக்ரோஸாப்ட் கணக்கிட்டது. விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரிகள் தவித்தன.

இவ்வளவு அதிகாரமுள்ள நிரலின் மூலத்தை, யந்திரத்தின் சொந்தக்காரர் பார்க்கலாகாது என்பது நியாயமா? 1980-ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக்கூடத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் இதே கேள்வியைக் கேட்டார். முன்பிருந்த பிரிண்டரில் காகிதம் சிக்கினால் உடனே தெரியும்படி அவர் அதன் நிரலைத் திருத்தியிருந்தார். ஜெராக்ஸ் கம்பெனி அளித்த புதிய பிரிண்டருக்கோ மூல நிரல் கொடுக்கப்படவில்லை. வேறொரு கலாசாலையில் அதை வைத்திருந்தவரிடம் கேட்டபோது, வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். இத்தகைய மறுப்பினால் நொந்த ஸ்டால்மன், 1983-ல் க்னூ இயக்கத்தை அறிவித்தார். 1991-ல் ஹெல்ஸிங்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். இன்று அக்கெர்னலின் மூல நிரலில் பாதிக்கு மேற்பட்டது டிரைவர்களே.

கம்பெனிகளின் கட்சியையும் கேட்போம். ரகசியத்தை வெளியிட்டால் போட்டியாளர் கவர்ந்துகொள்வார் என்கிறார்கள். தங்கள் பொருளின் உள்ளமைப்பு முழுவதையும் யாரும் கேட்கவில்லை. அதனுடன் பேசும் முறையைத்தான் கேட்கிறோம். கையொப்பமிட்ட டிரைவர்களை மட்டும் அனுமதித்தால் ஆபத்தில்லை என்கிறார்கள். 64-பிட் விஸ்டா காலம் முதல் விண்டோஸில் அந்த விதி இருக்கிறது. கையொப்பம், நிரல் யாரிடமிருந்து வந்தது என்பதற்குச் சாட்சியே தவிர, அதில் பிழையில்லை என்பதற்குச் சாட்சியாகாது. 2024-ல் விழுந்த யந்திரங்களிலும் கையொப்பமிட்ட டிரைவரே ஓடிற்று.

விடாப்பிடியான கோரிக்கை பலனளிக்கும் என்பதற்கு என்விடியா கம்பெனியே அத்தாட்சி. 2012-ல் பின்லாந்தின் ஆல்டோ சர்வகலாசாலையில் டோர்வால்ட்ஸ் அக்கம்பெனியைப் பகிரங்கமாகக் கடிந்து பேசினார். அதற்கு முன்பே, விவரங்கள் கிடைக்காத நிலையில், தொண்டர்கள் கம்பெனியின் டிரைவர் செய்வதைக் கவனித்துக் கவனித்து, நூவோ என்னும் டிரைவரை எழுதத் தொடங்கியிருந்தனர். 2022 மே மாதத்தில் என்விடியா தன் டிரைவரின் கெர்னல் பகுதியை மூலத்துடன் வெளியிட்டது. கதவு முழுவதும் திறக்கவில்லை. ஆயினும் தாழ் நீங்கிற்று.

நம் தேசத்தில் ஸீ-டாக் ஸ்தாபனம் லினக்ஸை ஆதாரமாகக் கொண்டு ‘பாஸ்’ என்னும் இயங்குதளத்தை அமைத்திருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் இயங்குதளம் சுதேசியாயிருந்தும், அதனோடு சேரவேண்டிய ஸ்கேனரும் பிரிண்டரும் அயலாரின் டிரைவருக்குக் காத்திருக்குமானால் பயன் என்ன? பெயரளவில் சுயராஜ்யம், காரியத்தில் பராதீனம்.

செய்யவேண்டியது இரண்டு. பொதுஜனங்களின் வரிப்பணத்தில் சாதனம் வாங்கும் சர்க்கார், பேசும் முறையை வெளியிடாத சாதனத்தை வாங்குவதில்லை என்று டெண்டரிலேயே நிபந்தனை விதிக்கவேண்டும். நம் கலாசாலைகள் மாணவர்களுக்கு இயங்குதளத்தை உபயோகிக்கக் கற்றுக்கொடுப்பதோடு நில்லாமல், டிரைவர் எழுதவும் கற்றுக்கொடுக்கவேண்டும். லினக்ஸில் ஒரு சிறு மாட்யூலை ஸி பாஷையில் எழுதிச் சேர்த்துப் பார்க்க ஒரு பழைய கணினியும் பொறுமையும் போதும். முதல் முயற்சியில் யந்திரம் விழலாம். விழுந்தால் எழுப்பத் தெரிந்தவரே அதன் சொந்தக்காரர்.